கோமுகி அணையில் அறுந்த காவல் கயிறு

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னைப் பற்றி வெளியில் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேட்டதெல்லாம் உண்மைதான். கொஞ்சம் கம்மியாகவே சொல்லியிருப்பார்கள். நான் நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சங்கராபுரம் பக்கம் கிணறு வெட்டுகிற கிரேனில் கல் ஏற்றி இறக்கி, இரும்புக் கம்பிக் கயிறு என்றால் என்னவென்று உள்ளங்கையால் படித்தவன். அதற்குப் பிறகுதான் கள்ளக்குறிச்சியில் இந்தப் பட்டறையைப் போட்டேன். அரிசி மில், கரும்பு ஆலை, கல் குவாரி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எதைத் தூக்க வேண்டுமென்றாலும் என் கையால் போட்ட கயிறுதான் தூக்கியது. கடலைப் பார்க்க மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்குப் போகிற பாய்மரப் படகுக்குக் கயிறு போட்டுக் கொடுத்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தன்தான். இன்றைக்குப் பாண்டிச்சேரிக்காரர்கள் உங்களைத் தேடி இங்கே வருகிறார்கள் என்றால், அது நான் போட்ட பாதை.

அந்தப் பாதையின் முதல் படகிலேயே ஓர் அம்மாவைத் தண்ணீரில் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அன்றைக்கு ஊரே என்னைப் பாராட்டியது. நடந்தது எனக்கும் அந்த அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். முறுக்கு, இழுவை, பாரம் கணக்கெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். இதை நான்தான் சொல்லியாக வேண்டும்.

ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயக் குடும்பத்து ஆள் ஒருத்தர், முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் என்ஜினியராக ஓடிவிட்டு ஊருக்கு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. கரும்புக் கொல்லை ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டு, இருபத்திரண்டு அடியில் ஒரு பாய்மரப் படகைத் தானே கட்டினார். ஊர் சிரித்தது. அவர் வீட்டு அம்மா மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் படகில் அவரும் ஏற வேண்டியிருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து கரையோரமாகவே கொஞ்ச தூரம் போய் வருவது என்று புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அவர் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அம்மா என்றே எழுதுகிறேன். வயது அம்பத்தெட்டு இருக்கும். என்னைவிடச் சின்னவர்.

படகின் ஓரத்தைச் சுற்றி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலான உயரத்தில், சின்னச் சின்ன எஃகுக் கம்பங்கள் நிற்கும். அந்தக் கம்பங்களில் இருக்கிற ஓட்டைகளுக்குள் நுழைந்து, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு கயிறு விறைப்பாக ஓடும். கால் வழுக்கினால் அதுதான் தடுக்கும், சாய்ந்தால் அதுதான் தாங்கும். என்ஜினியர் அதை லைஃப் லைன் என்பார். நாம் காவல் கயிறு என்கிறோம். அந்தக் கயிற்றைப் போடத்தான் இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள்.

மேஜை மேல் மூன்று துண்டுகளை வைத்தேன். ஒன்று வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பிக் கயிறு. இரண்டாவது அதே கம்பி, உறை இல்லாமல். மூன்றாவது என்ஜினியர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புது மாதிரி நூல் கயிறு. சுண்டுவிரலைவிட மெலிசு, பட்டு மாதிரி மெத்தென்று இருந்தது. துருப் பிடிக்காது. அதே கனமுள்ள கம்பியைவிடப் பலம் ஜாஸ்தி என்றார்.

உறை போட்டதை நான் அந்த நிமிஷமே ஒதுக்கிவிட்டேன். உறைக்குள் தண்ணீர் புகுந்தால் கம்பி உள்ளேயே இற்றுப் போகும், வெளியே கல்யாண வீடு மாதிரி வெள்ளையாக இருக்கும் என்றேன். சரியாகத்தான் சொன்னேன். உறையில்லாத கம்பி என் சொந்த வித்தை. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த நூல் கயிற்றின் மேல் மோகம் வந்துவிட்டது. இந்த ஜில்லாவில் யாரும் தொடாத சாமான். அதை முதலில் தொட்டவன் நானாக இருக்க வேண்டும்.

"இதையே போட்டுடலாம் சார்" என்றேன்.

அம்மா அந்தக் கயிற்றை விரலில் சுற்றிப் பார்த்தார். "இன்னா மேஸ்திரி, மாட்டுக்குக் கயிறு வாங்கறதுன்னாகூட நாங்க நாலு கடை ஏறி எறங்குவோம். நீங்க பாத்ததும் சொல்லிட்டீங்க?"

"மாட்டுக் கயிறு வேற, இது வேறம்மா. சந்தேகமா இருந்தா தூக்கிக் காட்டறேன். நேர்ல வந்து பாருங்க."

கிணற்று வேலையில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுக் கயிற்றை யாரும் பேச்சில் நம்ப மாட்டார்கள். கல்லைக் கட்டித் தூக்கிக் காட்ட வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வெடி வைத்துப் பெயர்த்த பாறையில் பார்த்துப் பார்த்து ஒரு பெரிய கல்லைப் பொறுக்கி, முனையில் என் கையால் வளையம் பின்னிய நூல் கயிற்றில் மாட்டி, கிரேனைத் தூக்கச் சொன்னேன். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத வெள்ளை நூலில் ஒரு டன் கல் அந்தரத்தில் சுற்றியது. கிணற்றுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வாயைப் பிளந்தார்கள். கல்லுக்கு அடியில் போய் நின்று நான் வெற்றிலை போட்டேன்.

"யோவ், மேஸ்திரிக்கு உசுரு வெல்லமா இல்லியாய்யா?" என்றான் கிரேன் ஓட்டுகிறவன்.

அம்மா மட்டும் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். "கல்லு நேராத் தொங்குது மேஸ்திரி. படகுல இது நேராவா போவும்? ஓட்டை ஓட்டையா நொழஞ்சி நொழஞ்சில்ல போவும்?"

நான் சிரித்தேன். "அம்மா, நாப்பது வருஷமா நான் கயித்தோட குடும்பம் நடத்தறேன். அது எங்கிட்ட பொய் சொல்லாது."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அந்தக் கேள்வி போய்விட்டது. உங்களிடம் யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டால், கேட்டவருக்குத் தொழில் தெரியுமா என்று பார்க்காதீர்கள். கேள்வி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

கம்பங்களை ஒரு கிரில் பட்டறையில் செய்து வாங்கியிருந்தார்கள். ஓட்டை போட்டது அந்தப் பட்டறைக்காரர்கள். கயிற்றை நுழைத்தது நான். டிரில் வெளியே வருகிற பக்கம் எல்லா ஓட்டையிலும் கூரான இரும்புப் பிசிறு ஒன்று நிற்கும், உங்களுக்குத் தெரியும். கம்பிக்காரனுக்கு அது ஒரு பொருட்டே கிடையாது. கம்பிக் கயிறு நாலு நாள் உரசினால் பிசிறு தானே மழுங்கிவிடும். நாற்பது வருஷத்தில் நான் ஓர் ஓட்டைக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. கம்பி ஓட்டையைத் தேய்க்கும். நூலை ஓட்டை தேய்க்கும். இந்த ஒரு வரி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையில் இருந்த பொருள் மாறியது. என் பழக்கம் மாறவில்லை.

கடலுக்குக் கொண்டுபோகும் முன் படகை ஒரு தடவை தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் என்ஜினியர். கோமுகி அணையில் விடுவதற்கு எழுதிக் கேட்டு, அனுமதி வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் படகு லாரி மேலேயே அணைக்கரையில் நின்றது. ஆடி மாசம். மேற்கே கல்வராயன் மலையிலிருந்து காற்று இறங்கி அடித்தது. லாரிக்காரர் படகின் மேல் தார்ப்பாயைப் போர்த்தி, அதன் முனைகளை எல்லாம் என் காவல் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். தார்ப்பாய் படபடவென்று அடித்தது. ஒவ்வோர் அடிக்கும் கயிறு ஓட்டைக்குள் முன்னும் பின்னும் ஓடியது.

"அவுத்து வேற எடத்துல கட்டட்டுமா மேஸ்திரி?" என்று லாரிக்காரர் கேட்டார்.

"கட்டினது கட்டினபடி இருக்கட்டும்யா. பாருங்க, எப்படித் தாங்குதுன்னு!" என்றேன்.

என் வாயால் சொன்னேன். ஒரு வாரம், காலையும் மாலையும், பிசிறு கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தது. அதன் எதிரிலேயே நின்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று கரையில் கூட்டம். வலை போடுகிறவர்கள், மலையிலிருந்து சந்தைக்கு இறங்கியவர்கள், நான் வேண்டுமென்றே வரச் சொல்லியிருந்த ஓர் அரிசி மில் முதலாளி. படகில் மூன்று பேர். பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு என்ஜினியர். அவருக்குப் பக்கத்தில் அம்மா. அம்மாவுக்கு அந்தப் பக்கம் நான். மிதவைச் சட்டை இரண்டு பேருக்குத்தான் இருந்தது. அம்மா ஒன்றை மாட்டிக்கொண்டு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"இது இன்னா, குளுருக்குப் போட்டுக்கற மாதிரி கனமா இருக்குது" என்றார்.

"நான் போட்ட கயிறு பின்னாடி இருக்கறப்ப உங்களுக்கு எதுக்கும்மா அது? கயட்டி வைங்க."

என்ஜினியர் கழற்ற வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கழற்றியது என் பேச்சை நம்பி. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில், அணையின் நடுவே, மலை இடுக்கிலிருந்து காற்று ஒரே மொத்தையாக வந்து பாயில் மோதியது. படகு இடது பக்கம் சாய்ந்தது. பாய்மரப் படகு சாய்ந்தால் உயர்ந்த பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, வெளிப்பக்கமாக முதுகைச் சாய்த்து, பாரத்தால் படகை நிமிர்த்த வேண்டும். என்ஜினியர் சொல்லிக் கொடுத்திருந்தபடியே அம்மா செய்தார். முதுகு முழுக்கக் காவல் கயிற்றின் மேல். முதுகுக்குப் பின்னால் அணைத் தண்ணீர். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கம்பம். நான் அதைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

பிடித்த கையில் பஞ்சு தட்டுப்பட்டது.

குனிந்து பார்த்தேன். ஓட்டையின் வாயில் கயிறு பாதிக்கு மேல் நூல் நூலாகப் பிரிந்து நின்றது. மீதி இழைகள் மேல்தான் அம்மாவின் பாரம். நான் பார்க்கும்போதே ஓர் இழை சுருண்டு விட்டுப் போனது.

இப்போது நிதானமாக யோசியுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? "எந்திரிங்கம்மா" என்று கத்தலாம். சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்க வேண்டுமானால் முதுகால் கயிற்றை உந்தித்தான் எழ வேண்டும். அந்த உந்தலில் அறுந்துவிடும். "சார், பாயை வுடுங்க" என்று கத்தலாம். பாயை விட்டால் படகு சடக்கென்று நிமிரும், உயர்ந்த பக்கம் திடீரென்று தாழும், சாய்ந்திருப்பவர் மல்லாக்காகத் தண்ணீர்ப் பக்கம் போவார். செய்ய வேண்டியது ஒன்றுதான். முதலில் அவர் கையைப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு, கயிறு அறுகிறது என்று சொல்லி, உள்ளே இழுக்க வேண்டும். அதற்கு ஒரு மூச்சு நேரம் போதும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயமில்லை. அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே தெரிந்தது. கிணற்றுக்குள் ஆளைத் தொங்கவிட்டு வேலை செய்தவனுக்கு இது தெரியாமல் இருக்காது.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

கரை கண்ணில் பட்டது. அரிசி மில் முதலாளி கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்று இப்போது விட்டுவிடும், கரைக்குப் போனதும் யாருக்கும் தெரியாமல் கயிற்றை மாற்றிவிடலாம் என்று மனசு சொன்னது. ஒரு டன் கல்லைத் தூக்கிய கயிறு என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. இதை எப்படிச் சொல்வது? கம்பத்தைப் பிடித்த கையை எடுக்காமல், அம்மா பக்கம் திரும்பாமல், காற்று விடட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

காற்று விட்டது. நான் நினைத்த மாதிரி இல்லை. வெட்டினாற்போல் ஒரேயடியாக நின்றுவிட்டது. படகு நிமிர்ந்தது. எங்கள் பக்கம் சடாரென்று கீழே இறங்கியது. அம்மாவின் பாரம் முழுவதும் பின்னால் போனது. பழந்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கால் இரண்டும் மேலே வர, அம்மா மல்லாந்து போனார்.

அப்போதுதான் என் கை அவர் பக்கம் நீண்டது. ஒரு கை கம்பத்தை அணைத்துக்கொண்டது, இன்னொன்று அவர் மணிக்கட்டைப் பிடித்தது. கண்ணாடி வளையல்கள் என் உள்ளங்கைக்குள்ளேயே நொறுங்கின. இடுப்பு வரைக்கும் தண்ணீரில் கிடந்தார். தலை ஒரு தடவை முங்கி எழுந்தது. புடவை தண்ணீர் குடித்துக் கனத்தது. ரத்தத்தில் கை வழுக்கியது. வழுக்குவது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வுட்றாத மேஸ்திரி! வுட்றாத!" என்று கத்திக்கொண்டே என்ஜினியர் சுக்கானை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தார். அவர் தோளைப் பிடிக்க, நான் கையை இழுக்க, அம்மா ஒரு காலைத் தூக்கி விளிம்பில் போட்டார். மூன்று பேரும் படகுக்குள் மூட்டை மாதிரி விழுந்தோம்.

கரைக்கு வந்தபோது கூட்டம் தண்ணீரில் இறங்கி ஓடி வந்தது.

"பெரியவரு கையப் பாருங்கய்யா, ரத்தமா ஊத்துது!"

"அவரு மட்டும் இல்லன்னா அந்தம்மா இந்நேரம் அணைக்கு அடியில!"

"இந்த வயசுல இன்னா புடிய்யா அது!"

அரிசி மில் முதலாளி என் தோளைத் தட்டினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கிணத்துல கல்லு தூக்கின கைங்க இது. வுடுமா?" என்றேன். என்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா படிக்கட்டில் குந்தி முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். 

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து அம்மா பட்டறை வாசலில் இறங்கினார். தனியாக. கையில் ஒரு மஞ்சள் பை.

"கை எப்படி இருக்குது மேஸ்திரி?"

"நாலு தையலும்மா. ஆறிப் போவும்."

பையிலிருந்து கயிற்றின் அறுந்த முனையை எடுத்து மேஜை மேல் வைத்தார். நான் பேச ஆரம்பித்தேன். கிரில் பட்டறைக்காரன் பிசிறு விட்டதை, லாரிக்காரர் தார்ப்பாய் கட்டியதை எல்லாம் அடுக்கினேன். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? கயிறுன்னா அந்து போவும். எனக்கு ஒண்ணு தெரியணும். உங்க கை கம்பத்தாண்ட போச்சி. குனிஞ்சி பாத்தீங்க. மூஞ்சி செத்துப் போச்சி. அப்பால மூணு தடவ மூச்சு வுட்டீங்க. நான் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன், எனக்குக் கேட்டுச்சி. அதுக்கு அப்பறந்தான் அது அந்திச்சி. மூணு மூச்சுக்கும் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"நீங்க பயந்துடப் போறீங்களேன்னு..."

"அதெல்லாம் எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லுங்க. அவரு நம்புவாரு. உங்களுக்குச் சால்வை எடுக்கணும்னு கடைக்குப் போயிருக்காரு."

பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். எல்லாரையும் டீ குடிக்க அனுப்பினேன். 

"வெக்கமா இருந்திச்சிம்மா" என்றேன். "கரையில அவ்ளோ பேரு இருந்தாங்க."

அவர் தலையை ஆட்டினார். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி. நெசத்த சொன்னீங்க. அப்ப உங்க வாய நம்பி நான் கடலுக்குப் போவ முடியாது. உங்க வாய்னு இல்ல, எவரு வாயும். எங்க வூட்டுக்காரரு வாயும் சேத்துதான். அவரும் நாலு பேரு பாத்துக்கினு இருந்தா ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னுதான் சொல்வாரு. யாரும் சொல்லாமலே எனக்கே தெரியற மாதிரி ஒரு சாமான் குடுங்க."

"அப்ப கடலுக்குப் போறீங்களாம்மா?"

"வாக்கு குடுத்துட்டேனே."

மறுபடியும் மேஜை மேல் மூன்று துண்டு. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளை உறை போட்டதை முதலில் எடுத்தார். தடவினார், வளைத்தார், கீழே வைத்தார். "உள்ள இன்னா ஆவுதுன்னு வெளிய தெரியாது. உங்கள மாதிரி."

நூல் கயிற்றை எடுத்தார். "ஓட்டையத் தேச்சி மழமழன்னு பண்ணிட்டா இது நிக்குமா?"

"நல்லாவே நிக்கும்மா. தப்பு கயித்து மேல இல்ல."

"ஆனா வெயில்ல கெடந்தா எல்லா எடத்துலயும்தான் பஞ்சு தட்டும். எது வெயிலு, எது வெட்டு, எனக்கு இன்னா தெரியும்? உங்களக் கேக்கணும்." அதையும் வைத்துவிட்டார்.

உறையில்லாத கம்பியைத் தொட்டார். "இது இத்துப் போனா இன்னா ஆவும்?"

குவாரியிலிருந்து மாற்றிக் கழித்துப் போட்ட ஒரு பழைய கம்பிக் கயிற்றைக் கொண்டுவந்தேன். "மெதுவாக் கைய ஓட்டுங்கம்மா" என்றேன். ஓட்டினார். நடுவில் "ஸ்ஸ்" என்று கையை இழுத்தார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.

"அதாம்மா. இதுல பத்தொம்பது இழை முறுக்கியிருக்குது. ஒண்ணு அந்தாலும் முள்ளு மாதிரி நீட்டிக்கும். கையில குத்தும். துணியால தொடச்சிக்கினு போனீங்கன்னா மாட்டிக்கும். ரெண்டு முனையிலயும் அழுத்தி மாட்டின எடத்துல பழுப்பா ஒரு கோடு எறங்கினா உள்ள துரு இருக்குதுன்னு அர்த்தம். அவ்ளோதான். படிச்சிருக்க வேணாம்."

"கையக் கிழிக்குமே?"

"கிழிக்கும்மா."

விரலை வாயில் வைத்துக்கொண்டு அந்தக் கம்பியைப் பார்த்தார். "கிழிக்கட்டும். இதையே போடுங்க. முனையில அழகுக்கு டேப்பு கீப்பு சுத்தாதீங்க."

போட்டேன். கம்பிக்கு அவசியம் இல்லை என்று தெரிந்தும் எல்லா ஓட்டையின் வாயையும் அரம் போட்டு மழுக்கினேன். அம்மா ஒரு பஞ்சுத் திரியை ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் விட்டு இழுத்துப் பார்த்தார். இரண்டில் மாட்டியது. மறுபடியும் தேய்த்தேன்.

படகு லாரி ஏறிய அன்று என்ஜினியர் எல்லார் முன்னாலும் எனக்குச் சால்வை போட்டார். நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அம்மா ஓரமாக நின்று பார்த்தார். அவர் ஒருநாளும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. என்ஜினியருக்கு இதைப் படித்துத்தான் தெரியப் போகிறது. தெரியட்டும்.

நூல் கயிறு போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது தெரிந்தவர்கள் கையில் தங்கம். பந்தயத்துக்குப் போகிறவர்கள் கேட்பார்கள், போட்டுக் கொடுங்கள். ஆனால் ஒரு காவல் கயிற்றைத் தேர்ந்தெடுக்கும்போது எது எத்தனை டன் தாங்கும் என்று மட்டும் பார்க்காதீர்கள். கடலில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். பக்கத்தில் இருந்தாலும், என்னை மாதிரி வாயை மூடிக்கொண்டு இருப்பீர்களோ என்னவோ. அதில் சாய்கிறவர் அதைத் தானே பார்த்து, தானே தொட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறதா? அதைக் கேளுங்கள். நான் பெரிய ஆள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என் மண்டையில் உதித்ததில்லை.

படகு பாண்டிச்சேரி போய் ஒன்றரை வருஷம் இருக்கும். ஒருநாள் காலையில் போன் வந்தது. அம்மா.

"மேஸ்திரி, பின்பக்கம் மூணாவது கம்பத்தாண்ட துணி மாட்டுது. முள்ளு ஒண்ணு நீட்டிக்கினு இருக்குது."

"எத்தினி இழைம்மா?"

"ஒண்ணுதான்."

பின்னால் ஒரே சத்தமாக இருந்தது. சொந்தக்காரர்கள் பத்துப் பேரைப் படகில் ஏற்றிக் காட்டுவதற்காக என்ஜினியர் கூட்டி வந்திருந்தாராம். ஓர் இழை போனால் பதினெட்டு இருக்கிறது, இன்றைக்கு ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பது எனக்கே காதில் விழுந்தது.

"அம்மா, படக எடுக்க வேணாம்னு சொல்லுங்க" என்றேன். "கரையிலயே கட்டிப் போடுங்க. நான் இப்பவே பஸ் ஏறிடறேன்."

"அதான் எப்பவோ கட்டியாச்சே. அவரு கோவிச்சுக்கினு டீ குடிக்கப் போறாரு. நீங்க சொல்ற வரைக்கும் யாரு காத்துக்கினு இருப்பாங்க? சாமானோட வாங்க."